பாட்டை நிறுத்துகிறவள்

பெரியகடைத் தெருவில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்த ஒருவர் கிராமபோன் வாங்கி, அதன் குழலைத் தெருப்பக்கம் திருப்பி வைத்தார். கேட்க நிற்கிறவர்களில் பாதிப்பேராவது உள்ளே வருவார்கள் என்பது அவருடைய எண்ணம். புதிதாக வந்த ஒரு தட்டைக் காலையிலிருந்து திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தார். சந்தைக்குப் போய்க்கொண்டிருந்த மீன்காரி ஒருத்தி அதைக் கேட்டு நின்றாள். தலையிலிருந்த பனையோலைக் கடகத்தை இறக்கி வாசற்படியில் வைத்தாள். உள்ளே கையை நீட்டி, சுழலும் தட்டிலிருந்து ஊசிக் கையைத் தூக்கிப் பக்கத்தில் வைத்தாள்.

“நிப்பாட்டு,” என்றாள். பாட்டு நின்ற பிறகுதான் அதைச் சொன்னாள்.

கடைக்காரர் தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அதில் மீன் செதில் ஒட்டியிருந்தது.

“உனக்கென்ன விசரோ? இது நான் வாங்கின தட்டு.”

“ஆரட்டை வாங்கினனி? என்னட்டை வாங்கேல்லையே.”

கடகத்தைத் தூக்கிக்கொண்டு அவள் போனாள். அவர் செதிலைத் துடைத்துவிட்டு ஊசியை மறுபடி வைத்தார். முதல் அடி முடிவதற்குள் அவள் தெருமுனையிலிருந்து திரும்பி வந்து நின்றாள். இப்படி மேலும் இருமுறை நடந்தது. அதற்குப் பிறகு அவர் வேறு தட்டுப் போட்டார். அவள் கடக்கும் நேரம் பார்த்து அந்தத் தட்டை உள்ளே எடுத்து வைப்பது பிறகு அவருக்குப் பழக்கமாயிற்று.

நான் அந்தக் கடையில் உட்கார்ந்திருந்தேன். அப்போது பட்டினத்தில் ஒரு வாரப் பத்திரிகையில் நிருபராக இருந்தேன். அவளும் நானும் குருநகரில் ஒரே ஒழுங்கைக்காரர். எங்கள் வீட்டில் கடலுக்குப் போனவர் எவருமில்லை. என் அப்பு பள்ளிக்கூட வாத்தியார். அவள் வீட்டில் கடலுக்குப் போகாதவர் எவருமில்லை. அவள் என்னைத் தம்பி என்பாள், நான் அவளை அக்கா என்பேன். சந்தி இளைஞர்கள் அவளுக்கு நிப்பாட்டக்கா என்று பெயர் வைத்திருந்தார்கள்.

அந்த இளைஞர்களுக்கு அவள் வருவது ஒரு பொழுதுபோக்கு. தூரத்தில் கடகம் தெரிந்ததுமே ஒருவன் அந்தப் பாட்டின் முதல் அடியை எடுப்பான். மற்றவர்கள் “ஓமோம்” என்று முடிப்பார்கள். அவள் கடகத்தை இறக்கிவைத்து, அடி எடுத்தவன் யாரென்று பார்ப்பாள். பின்பாட்டுக்காரரை அவள் பொருட்படுத்தியதில்லை. அடி எடுத்தவனுக்கு ஒரு முழம் முன்னால் போய் நிற்பாள். திட்டமாட்டாள், கை ஓங்கமாட்டாள். அவன் வாயை மூடும்வரை நிற்பாள். மூடியதும், கடகத்தைத் தலையில் தூக்கிவிடச் சொல்லி அவனிடமே கேட்பாள். அவனும் தூக்கிவிடுவான். அவர்கள் அவளைக் கேலி செய்தார்கள் என்பதும், அவளுக்குப் பயந்தார்கள் என்பதும் இரண்டும் உண்மை.

ஒருநாள் எங்கள் ஒழுங்கையில் ஒரு சின்னப்பெண் தன் முதற்குழந்தையை மடியில் போட்டு அதே பாட்டைத் தாலாட்டாகப் பாடிக்கொண்டிருந்தாள். இவள் வேலிக்கு வெளியே வந்து நின்றாள். நான் என் வாசலில் நின்று பார்த்தேன். குழந்தை கண்ணை மூடும்வரை அசையாமல் நின்றாள். அது உறங்கியபின் வேலிப் படலையைத் தள்ளி உள்ளே போய், மிகத் தணிந்த குரலில், “இனி நிப்பாட்டு,” என்றாள்.

அந்தப் பெண் நெடுநேரம் அழுதாள் என்று பிறகு என் அம்மா சொன்னார். பாட்டு எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியாது. அவள் பாசையூரிலிருந்து கட்டி வந்தவள். நாடகத்தில் கேட்டதைத்தான் பாடினாள்.

அந்தப் பாட்டு எங்கிருந்து வந்தது என்பதை இங்கே சொல்லவேண்டும்.

கரைவலை இழுப்பவர்கள் பாடுவது அம்பா. வள்ளம் போய் வலையைக் கடலில் அரைவட்டமாக விடும். வலையின் இரண்டு கயிறுகளையும் கரையில் நிற்பவர்கள் இழுப்பார்கள். ஒருவன் அடி எடுத்துக் கொடுப்பான். மற்றவர்கள் “ஓமோம் ஏலேலோ” என்று பதில் சொல்வார்கள். அந்தப் பதிலில்தான் எல்லாக் கையும் ஒன்றாக இழுக்கும். கயிற்றில் கை வைத்தவன் பதில் சொல்லாமல் இருக்க முடியாது. பதிலை விட்டவனின் இழுவை பிந்தும். பிந்தினால் ஈரக்கயிறு உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு போகும். அடி எடுத்துக் கொடுப்பது சண்டைக்காரனாக இருந்தாலும், கடன்காரனாக இருந்தாலும், பதில் சொல்லத்தான் வேண்டும். இது அவர்களுக்கு யாரும் கற்றுக்கொடுத்ததல்ல. சிறுவயதிலேயே கையில் ஏறிவிடுவது.

குருநகர்ச் சம்மாட்டி ஒருவருக்குக் கிழக்குக் கரையில் குடிசைகள் போட்ட கரைவலை வாடி இருந்தது. வலையும் வள்ளங்களும் அவருடையவை. பருவத்துக்குக் குருநகரிலிருந்து ஆட்களைக் கூட்டிப்போவார். இவளுடைய கணவர் அந்த வலைக்கு மண்டாடி, அதாவது கடலைப் பார்த்து வலை விடலாமா கூடாதா என்று சொல்கிறவர். இவள் வாடியில் சமைத்தாள். பருவம் முடிகிற கடைசிக் கிழமையில் காற்று வாடைப்பக்கம் திரும்பியது. மண்டாடி கரையேறலாம் என்றார். சம்மாட்டி இன்னும் ஒரு தடவை வலை விடலாம், ஒரு பாடு இழுக்கலாம் என்றார். வலை விடப்பட்டது. மீன் சேரும் மடியைக் கவனித்துக்கொண்டு வலைக்குப் பின்னால் நின்ற வள்ளம் கவிழ்ந்தது. அதில் மண்டாடியும் அவருடைய தம்பியும் வேறு இருவரும் இருந்தார்கள்.

கரையில் இன்னொரு வள்ளம் கிடந்தது. அதைத் தள்ள வேண்டுமானால் கயிற்றில் நிற்பவர்கள் கயிற்றை விடவேண்டும். கயிற்றை விட்டால் வலையும் அதிலுள்ள மீனும் போய்விடும். சம்மாட்டி வலையை இழுக்கச் சொன்னார். இழுத்தார்கள். வலை வந்தது. நால்வரில் ஒருவரும் உயிரோடு வரவில்லை.

மரண விசாரணைக்கு நான் பத்திரிகைக்காகப் போயிருந்தேன். மற்ற வள்ளம் தூரத்தில் கிடந்ததென்றும், அவர்கள் நீந்தி வந்துவிடுவார்கள் என்று தான் நினைத்ததாகவும் சம்மாட்டி சொன்னார். குரல் நடுங்கவில்லை. கயிற்றில் நின்றவர்களில் மூத்தவரை அடுத்து அழைத்தார்கள். அவர் நரைத்த மார்பும் பருத்த விரல்களும் கொண்டவர். கண்ணெதிரே வள்ளம் கவிழ்ந்தபோது நீங்கள் ஏன் கயிற்றை விடவில்லை என்று விசாரணை அதிகாரி கேட்டார்.

“அம்பா நடக்கேக்கை கை விடேலாது, ஐயா,” என்றார் அவர்.

அவருக்குப் பின் வந்தவர்களும் அதையே சொன்னார்கள். அதிகாரிக்கு அது விளங்கவில்லை; விளங்கியதுபோல் தலையசைத்து எழுதிக்கொண்டார். தற்செயல் மரணம் என்று தீர்ப்பாயிற்று. சமையலுக்கு வந்த பெண்ணைச் சாட்சிக்கு அழைக்க வேண்டியதில்லை என்று கருதினார்கள். அவள் வெளியே வேப்பமரத்தின் கீழ் முந்தானையைத் தலையில் போட்டு உட்கார்ந்திருந்தாள். நான் எழுதிக் கொடுத்ததை எங்கள் ஆசிரியர் நான்கு வரியாக்கினார். பாக்குவெட்டி விளம்பரத்துக்குக் கீழே அது அச்சானது. சம்மாட்டி என்ற சொல் அதில் இல்லை.

இறந்தவர்களுக்கான பூசை முடிந்து, வீட்டில் சாப்பாடு நடந்தது. பெண்கள் உள்ளே கூடி அழத் தயாராக இருந்தார்கள். ஆண்கள் முற்றத்துப் பந்தலில் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். அவள் வெளியே வந்து, பந்தற்காலைப் பிடித்துக்கொண்டு, ஒப்பாரி சொல்லாமல் அம்பா பாடினாள். ஆண்கள் கடற்கரையில் பாடுகிற பாட்டு. பெண் பாடுவதில்லை, செத்தவீட்டில் எவரும் பாடுவதில்லை. அதைவிடவும் அங்கிருந்தவர்களை உலுக்கியது, அவள் அதில் தன் கணவரின் பெயரைச் சொன்னதுதான்.

காத்துத் திரும்பினதைக் கண்டவர் ஆர்? சவிரி.
கரையேறுவம் எண்டு சொன்னவர் ஆர்? சவிரி.
இன்னும் ஒரு பாடு எண்டவர் ஆர்? சம்மாட்டி.

மனுசன்ரை பேரை இப்படிச் சபையிலே சொல்லலாமோ என்று ஒரு கிழவி கேட்டாள். “நான் சொல்லாட்டி ஆர் சொல்லுவினம்?” என்று கேட்டுவிட்டு, அவள் அடுத்த அடிக்குப் போனாள். ஒவ்வோர் அடிக்குப் பிறகும் பதிலுக்கு இடம் விட்டாள். ஒருவரும் ஏலேலோ சொல்லவில்லை. கயிற்றில் நின்ற அந்த மூத்தவர் இலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவர்கள் கையில் சோறு இருந்தது, கயிறு இருக்கவில்லை.

பந்தலின் ஓரத்தில் அவளுக்குத் தூரத்து உறவான ஒருவர் இருந்தார். நாடகக் கொட்டகையில் ஆர்மோனியம் வாசிப்பவர். அவர் மட்டும் விரலால் இலையின் விளிம்பில் தட்டிக்கொண்டிருந்தார். கைகழுவப் போகும்போது என்னிடம், “நல்ல மெட்டு,” என்றார்.

சில மாதங்களில் அந்த மெட்டு மேடைக்கு வந்தது. அரசகுமாரி நந்தவனத்தில் தோழிகளோடு பாடுகிறாள். கண்ணாலே சொன்னவர் ஆர்? என் ராசா. காற்றாக வந்தவர் ஆர்? என் ராசா. ஒவ்வொரு கேள்விக்கும் தோழிகள் இடுப்பில் கைவைத்து ஓமோம் என்று குழைவார்கள். அரசகுமாரி வேடம் போட்டவர் பகலில் தையற்கடை வைத்திருந்த மீசைக்காரர். நாடகத்துக்காக மீசையை மழித்திருந்தார். பாட்டு அவருக்குப் பெரும் பெயர் வாங்கிக் கொடுத்தது.

அவள் கொட்டகைக்குப் போனாள். தரையில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்து, பாட்டுத் தொடங்கியதும் எழுந்து நின்று கையை உயர்த்தி நிப்பாட்டு என்றாள். அவளுக்குப் பின்னால் கொட்டகை முழுவதும் வன்ஸ்மோர் என்று கத்தியது. ஒருவருக்கும் அவள் குரல் கேட்கவில்லை. பாட்டை மூன்று தடவை பாடினார்கள். அவ்வளவு நேரமும் அவள் கையை இறக்கவில்லை. பின்னால் இருந்தவர்கள் மறைக்கிறது, இருக்கச் சொல்லு என்று கூவினார்கள். ஒருவன் கடலைக் கோதை எறிந்தான். எங்கள் பத்திரிகை அந்த வாரம் அந்தப் பாட்டைக் கேட்டோர் மனம் உருகியது என்று எழுதியது. அதை எழுதியது ஆசிரியர். அவர் நாடகத்துக்குப் போகவில்லை.

நான் ஆர்மோனியக்காரரிடம் நேரில் கேட்டேன். அவர் கொஞ்சமும் வெட்கப்படவில்லை.

“செத்தவீட்டிலை கிடந்து அழுகிப் போகவேண்டிய மெட்டு, தம்பி. நான் எடுத்துக் குளிப்பாட்டிப் பொட்டு வைச்சு மேடையிலை ஏத்தினன். உவளுக்கு அது பெருமையெல்லோ?”

பிறகு அந்தப் பாட்டு யார் யாருடைய கைக்கோ போனது. தென்னிந்தியாவில் யாரோ அதைத் தட்டில் பாடினார்கள். அதில் வயலினும் மிருதங்கமும் சேர்ந்தன. ஏலேலோ என்பது ஆலாபனையாயிற்று. பெரியகடையில் சுழன்றது அதுதான். மானிப்பாய்ப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் பெண்பிள்ளைகள் அதே மெட்டில் மதுவிலக்குப் பாட்டுப் பாடினார்கள். குடியைக் கெடுத்தது எது? கள்ளு. சீமைப் பாதிரியாரின் மனைவி பியானோவில் வாசிக்க, பிள்ளைகள் விரலை ஆட்டி ஆட்டி ஓமோம் என்றார்கள் என்று அங்கே படித்த என் மைத்துனி சொன்னாள். ஒரு சுருட்டுக் கடைக்காரர் தம் சுருட்டின் மணத்தைப் பற்றி அதே மெட்டில் நோட்டீஸ் அடித்தார். ஒவ்வொருவரும் முந்தியவரிடமிருந்து எடுத்தார்கள். எடுக்கும்போது அவர்களுக்கு வேண்டியது கேள்வியும் பதிலுமாக ஓடும் அந்த நடைதான். கேள்விக்குள் என்ன இருந்ததென்று ஒருவரும் கேட்கவில்லை. இருந்ததை எடுத்துவிட்டுத் தம்முடையதை வைத்தார்கள். நான் இதை இத்தனை வருடம் கழித்து எழுதும்போதும் எனக்கு ஆத்திரமாகத்தான் இருக்கிறது.

எங்கள் வேதக் கோயிலுக்கும் அது வந்தது. திருநாள் நவநாளில் பாட்டுக்குழு அந்த மெட்டில் ஒரு கீதம் பாடியது. கடலை அடக்கினவர் ஆர்? நாதர். காற்றை அதட்டினவர் ஆர்? நாதர். ஓமோம் இருந்த இடத்தில் ஆமென் வந்தது. பெண்கள் பக்கத்தில் முழந்தாளில் இருந்தவள் எழுந்தாள். வழக்கமான அந்த ஒற்றைச் சொல்லைச் சொன்னாள். கோயில் சட்டென்று அடங்கிப்போனது. பூசை முடிந்து பங்குச் சுவாமி அவளைப் பீடத்துக்குப் பின்னாலிருந்த சக்கிறீஸ்து அறைக்கு அழைத்தார். தந்திக் கம்பி போல் ஒல்லியான, நல்ல மனிதர். என் அப்புவும் நானும் வாசலில் நின்றோம்.

உன் துயரம் தெரியும் மகளே, ஆனால் இப்போது அந்தப் பாட்டு ஆண்டவருக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது, அதைவிடப் பெரிய இடம் அதற்கு ஏது என்று சுவாமி கேட்டார்.

“கடலை அடக்கினவர் ஆண்டவர் எண்டு பாடினியள், சுவாமி,” என்றாள் அவள். “அண்டைக்கு அடக்கேல்லையே. அதை ஆண்டவரோடை நான் பிறகு கதைக்கிறன். இந்தப் பாட்டிலை இருக்கிறது ஆண்டவரைப் பற்றியில்லை. சம்மாட்டியைப் பற்றி.”

சம்மாட்டி அந்தத் திருநாளுக்கு உபயகாரர். முன்வாங்கில் இருந்தவர். சுவாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அடுத்த நாள் நவநாளில் அந்தக் கீதம் பாடப்படவில்லை. அதற்கடுத்த வருடம் மீண்டும் பாடப்பட்டது. சுவாமி அப்போது வேறு பங்குக்கு மாற்றலாகிப் போயிருந்தார்.

அவள் எப்போதும் கோபமாகவே இருந்தவள் என்று இதைப் படிக்கிறவர்கள் நினைக்கக்கூடும். மீன் விற்கும்போது அவளுக்குச் சிரிப்பு வரும். விளைமீனைச் சீலா என்று ஏமாற்றி விற்கத் தெரியாது. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு மறந்தால் எங்கள் வீட்டில்தான் வந்து கேட்பாள். கேட்டுவிட்டு அம்மாவோடு அரைமணி நேரம் கதைப்பாள். ஆனால் அவள் வேலை செய்யும்போது முணுமுணுத்துக்கூட நான் கேட்டதில்லை. மீன் வெட்டும்போது, வலை கோர்க்கும்போது, தலை வாரும்போது, பெண்கள் எல்லோரும் எதையாவது பாடிக்கொண்டிருப்பார்கள். அவள் வாய் மூடியிருக்கும்.

ஒருநாள் அப்படி வெற்றிலைக்கு வந்திருந்தபோது நான் அவளோடு வாதாடினேன். நான் அப்போது படித்தவன் என்ற எண்ணம் உள்ளவன். சொல் போனாலும் மெட்டு மிஞ்சியிருக்கிறதே, நாடெல்லாம் அதைப் பாடுகிறதே, அதை ஏன் தடுக்கிறாய், சவிரியண்ணையின் நினைவாக அந்த மெட்டாவது இருக்கட்டுமே என்று சொன்னேன். அவள் வெற்றிலையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“மெட்டு என்ரையில்லை, தம்பி. அந்த மெட்டிலைதான் அவை வலையை இழுத்தவை.”

என்னைப் பார்த்தபடியே தொடர்ந்து சொன்னாள்.

“வள்ளம் கவிழுது. என்ரை மனுசன் கையைத் தூக்கினது எனக்குத் தெரியுது. இவை பாடிப் பாடி இழுக்கினம். நான் அகப்பைக்காம்போடை ஓடிப்போய் நிப்பாட்டு நிப்பாட்டு எண்டு கத்தினன். ஒவ்வொருத்தன்ரை முகத்துக்கு முன்னாலையும் போய் நிண்டு கத்தினன். என்னைப் பாத்துக்கொண்டே ஏலேலோ எண்டவங்கள். பாட்டு முடியக் கடலிலை ஒருத்தரும் இல்லை.”

வெற்றிலையை வாயில் போட்டாள். அதன் பிறகு அவள் யாருடைய முகத்துக்கு முன்னால் போய் நின்றாலும் நான் சிரித்ததில்லை.

சில வருடங்கள் போயின. பட்டினசபைத் தேர்தலுக்குச் சம்மாட்டி எங்கள் வட்டாரத்தில் நின்றார். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அவர் வென்றார். அந்தக் காலத்தில் வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறத்தில் வாக்குப் பெட்டி. அவருடையது பச்சை. அது நிரம்பியது. வென்று என்ன செய்தார் என்பது பட்டினசபைக் கூட்டங்களுக்குப் போய் எழுதிய எனக்குத் தெரியும். அவர் ஒன்றும் செய்யவில்லை. நான் சொல்ல வந்தது தேர்தலுக்கு முந்திய சனிக்கிழமை ஊர்வலத்தைப் பற்றி.

தேர்தல் பாட்டு எழுத அவர் ஆர்மோனியக்காரரைப் பிடித்தார். ஆர்மோனியக்காரர் எல்லோருக்கும் தெரிந்த மெட்டை எடுத்தார். ஊருக்கு உழைப்பவர் ஆர்? சம்மாட்டி. பள்ளத்தில் வெளிச்சம் வைப்பவர் ஆர்? சம்மாட்டி. அவள் முதலில் எந்த இடத்தில் அந்தச் சொல்லை வைத்தாளோ அதே இடத்துக்கு அது திரும்பி வந்துவிட்டது. ராசா, கள்ளு, நாதர் எல்லாம் விலகி, சம்மாட்டி வந்து உட்கார்ந்தார். அவருக்கு அந்தப் பாட்டின் தொடக்கம் தெரியாமலில்லை. எல்லோரும் மறந்துவிட்டார்கள் என்று நினைத்திருப்பார். அவர் நினைத்தது பெரும்பாலும் சரி.

அதோடு அவர்களுக்கு இன்னொரு யோசனையும் தோன்றியது. கடற்றொழில் ஆள் என்று காட்டுவதற்காக, ஒரு வள்ளத்தை வண்டிச் சில்லுகளில் ஏற்றி, பச்சைத் துணி கட்டி, அதில் சம்மாட்டியை நிறுத்தி, தேர்போல வடம் பிடித்து இழுத்துக்கொண்டு பட்டினம்வரை போவது. வடம் பிடிக்க அவருடைய கரைவலை ஆட்களையே அழைத்தார்கள். வடத்துக்குக் கரைவலைக் கயிற்றையே எடுத்தார்கள். முன்னணியில் அந்த மூத்தவர் நின்றார். அவருக்குப் பின்னால் நின்றவர்களில் பலர் அன்றைக்கு வாடியில் நின்றவர்கள். ஆர்மோனியக்காரர் பெட்டியோடு வள்ளத்தின் முன்பக்கத்து அணியத்தில் உட்கார்ந்து அடி எடுத்துக் கொடுத்தார்.

நான் பத்திரிகைக்காகக் கூடவே நடந்தேன். கூட்டம் நல்ல கூட்டம். சீனவெடி கொளுத்தினார்கள். அவள் எங்காவது ஓரிடத்தில் குறுக்கே வந்து நிற்பாள் என்று எனக்குத் தெரியும். சந்தி இளைஞர்களுக்கும் தெரியும். நிப்பாட்டக்கா எவ்விடத்திலை மறிப்பா என்று அவர்களுக்குள் பேச்சு. சம்மாட்டியின் ஆட்கள் இருவர் அவளைக் கண்டால் அப்புறப்படுத்துவதற்காக முன்னால் போய்க்கொண்டிருந்தார்கள்.

கோயிலைத் தாண்டியதும் ஒரு மதகு. தெரு அந்த இடத்தில் மேடேறி இறங்கும். அவள் மதகுக் கட்டுக்குப் பக்கத்தில், சனத்தோடு சனமாக நின்றாள். கடகம் இல்லை. வெறுங்கை. ஊர்வலத்துக்குக் குறுக்கே அவள் வரவில்லை. சம்மாட்டியின் ஆட்கள் அவளைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள்; ஒன்றும் செய்யாமல் நிற்கிறவளை என்ன செய்வது என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

வள்ளத்தின் முன்சில்லுகள் மதகில் ஏறின. ஆர்மோனியக்காரர் ஓர் அடியை முடித்துவிட்டு, மேடை வழக்கப்படி பாட்டை விட்டுப் பெட்டியில் விரலை ஓடவிட்டார். நாடகத்தில் அந்த இடத்தில் அரசகுமாரி ஒருமுறை சுற்றி வருவாள். அம்பாவில் அப்படி இடைவெளி கிடையாது. கயிற்றில் நின்றவர்கள் பதில் சொல்லி இழுத்துவிட்டு அடுத்த அடிக்காகக் காத்தார்கள். அடி வரவில்லை. கயிறு விறைத்தது. பின்னால் நின்ற ஒருவன் கால் சறுக்கினான். வள்ளம் பின்பக்கம் அசையத் தொடங்கியது. சம்மாட்டி வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். மூத்தவர் அடிக்காகத் திரும்பிப் பார்த்தார்.

அவள் மதகுக் கட்டில் ஏறி நின்று அடி எடுத்துக் கொடுத்தாள்.

“காத்துத் திரும்பினதைக் கண்டவர் ஆர்? சவிரி.”

“ஓமோம் ஏலேலோ,” என்றார்கள். வள்ளம் ஒரு முழம் ஏறியது.

அவர்கள் கேட்டு, யோசித்துச் சொன்ன பதில் அல்ல அது. கையில் கயிறு இருந்தது, அடி வந்தது, பதில் போனது. சொன்ன பிறகுதான் சிலருடைய முகம் மாறியது. அதற்குள் அடுத்த அடி வந்துவிட்டது.

“கரையேறுவம் எண்டு சொன்னவர் ஆர்? சவிரி.”

“ஓமோம் ஏலேலோ.”

ஆர்மோனியம் நின்றுவிட்டது. சீனவெடிக்காரர்களும் நிறுத்திவிட்டார்கள். அந்த மெட்டு எல்லோருக்கும் தெரிந்த மெட்டு. கொட்டகையும் கிராமபோனும் கோயிலும் அதைப் பழக்கிவைத்திருந்தன. அதனால் புதிதாக வந்த ஒவ்வொரு சொல்லும் கடைசி வரிசைவரை தெளிவாகக் கேட்டது.

“இன்னும் ஒரு பாடு எண்டவர் ஆர்? சம்மாட்டி.”

“ஓமோம் ஏலேலோ.”

“வள்ளம் கவிழேக்கை பாத்து நிண்டவர் ஆர்? சம்மாட்டி.”

“ஓமோம் ஏலேலோ.”

“வலையை இழு எண்டு சொன்னவர் ஆர்? சம்மாட்டி.”

“ஓமோம் ஏலேலோ.”

அவளுடைய குரல் நல்ல குரல் அல்ல. மீன் கூறி விற்ற குரல். ஆனால் அவள் தாளம் தவறவில்லை, அவசரப்படவும் இல்லை. கயிற்றுக்காரருக்கு மூச்சு விட நேரம் கொடுத்து, சரியான இடத்தில் அடுத்த அடியை வைத்தாள். இத்தனை வருடம் எந்த இடத்திலும் அந்தப் பாட்டை முடிய விடாதவள், அன்றைக்கு அதைக் கொண்டுபோனாள்.

வள்ளத்தில் நின்ற சம்மாட்டி பச்சைச் சால்வையை இறக்கினார். முகம் கறுத்திருந்தது. கயிற்றுக்காரரின் முதுகுகளைப் பார்த்து,

“நிப்பாட்டுங்கோடா,” என்றார்.

வள்ளம் மதகின் உச்சியில் நின்றது. மூத்தவர் திரும்பவில்லை. கயிறு அவருடைய தோளில் கிடந்தது.

“அம்பா நடக்குது, சம்மாட்டியார்,” என்றார். “கை விடேலாது.”

அவள் அவருடைய முகத்தைப் பார்த்தாள். பிறகு அவருக்குப் பின்னால் நின்ற ஒவ்வொரு முகத்தையும் பார்த்தாள். கடைசி அடியை அவர்களுக்குக் கொடுத்தாள்.

“கயித்தைப் பிடிச்சிருந்த கை ஆரின்ரை கை? உங்கடை கை.”

“ஓமோம் ஏலேலோ,” என்றார்கள். வள்ளம் மதகைத் தாண்டியது.